இடுப்பளவு

கிரோட்டனில் பிப்ரவரி.
தேம்ஸ் நதிக்கரை. லண்டனில் ஓடுவது அல்ல,
அதன் பெயரை இரவல் வாங்கிக்கொண்ட இன்னொன்று.
கரையில் ஓர் உப்புச்சப்பில்லாத கட்டடம்.
அதற்குள் ஓர் எந்திர அறை
கடலே இல்லாமல் மூழ்கக் காத்திருக்கிறது.

நாங்கள் ஐந்து பேர்.
யாருக்கு என்ன தலையெழுத்து என்பதைப்
படுக்கை ஒதுக்கும்போதே எழுதிவிட்டார்கள்.
அணு உலைக்காரன் இருட்டில் பளபளப்பான்,
காதலியிடம் சூத்திரம் சொல்வான்.
சோனார்க்காரனுக்குப் பத்து மைல் தள்ளி இறால் சொடுக்குவது கேட்கும்,
குப்பையைக் கொட்டு என்று மனைவி சொன்னால் கேட்காது.
டார்பிடோக்காரன் குண்டைக் கட்டிக்கொண்டு தூங்குவான்,
விழித்திருக்கும்போதும் ஏறக்குறைய அப்படித்தான்.
வானொலிக்காரனிடம் மணி கேட்டால்
சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத்தான் சொல்வான்.

சமையல்காரன் நான்.
நெப்ராஸ்காவின் சோளக்காட்டிலிருந்து வந்தவன்,
கடலைப் பார்த்தது போன மாதம்.
என்னைப் பற்றி இருப்பது ஒரே நகைச்சுவை:
எதிரிக் கப்பலை என் இறைச்சி உருண்டையால் அடித்தால் போதும்.

கண்ணாடிக்குப் பின்னால் சீஃப் பிலோடோ அம்மையார்,
ஒரு கையில் காபி.
மற்றொரு கையால் திருகினார்.

தலைக்கு மேல் போனால்
சாணா முழமா என்று யார் கணக்குப் பார்ப்பார்கள்?
லிண்ட்ஹோம் பார்த்தான்.
"நிமிஷத்துக்கு முந்நூறு லிட்டர், அப்படின்னா இன்னும்..."
மிச்சக் கணக்கைக் குழாய் வாயில் அடைத்தது.
பாக்கா வெடித்த வளைவைக் கட்டிப்பிடித்தான்.
கட்டிப்பிடித்தே பழகிய கை, விடவில்லை.
நகமுரா கத்திய கத்தலில்
அவன் அம்மாவின் செல்லப்பெயர் எல்லோருக்கும் தெரிந்துபோனது.
டல்லி மட்டும் அசையாமல் நின்று
காலடித் தகட்டைக் காட்டினான்:
"கீழே இன்னொண்ணு சீறுது."
எங்களுக்குக் கேட்டது இரைச்சல்தான்.

தண்ணீர் தொடைக்கு வந்தது.
ரப்பர் துண்டு வழுக்கியது.
கயிறு என் கைக்கு வந்தபோது
பாடப்புத்தகத்தின் முடிச்சு ஒன்றும் நினைவில்லை.
எலும்பெடுத்த மாட்டிறைச்சிக்கு
நூல் சுற்றுவது நினைவிருந்தது:
ஒரு சுற்று, ஒரு இழுப்பு, விரல் கீழே, மறுபடி.
இரும்பு, இறைச்சி,
விரல்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பீய்ச்சல் ஒழுகலானது. ஒழுகல் சொட்டானது.
இடுப்பளவில் தண்ணீர் யோசித்து நின்றது.

சீஃப் இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.
"யார் கட்டினது? ஞாயிற்றுக்கிழமை வறுவல் மாதிரி இருக்கு."
சிரித்தாரா தெரியாது.
பட்டியலில் ஐந்து பெயரிலும் குறியிட்டார்.

இரவுச் சாப்பாட்டில் பழைய நகைச்சுவை எல்லாம்
உலர்ந்த சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தன.
எனக்குப் புதிதாக ஒன்று:
"நாளைக்குக் குழாய் வறுவலா?"
உருளைக்கிழங்கைத் தள்ளு என்றேன் டல்லியிடம்.
"என்ன?" என்றான்.

பல்லிடுக்கில் இன்னும் அந்தத் தண்ணீரின் ருசி.
நகராட்சிக் குழாய்த் தண்ணீர்.
கடல் என்று சொன்னார்களே,
ஒரு சிட்டிகை உப்பாவது போட்டிருக்கலாம்.