முதுகுப் பக்கம் பந்து

டிக்கெட் விலையைக் கேட்டு
ஏலக்காரன் ததேயு சிரித்தான்.
"நெய்மீனுக்குக்கூட நான் இப்பிடி ஏத்தினதில்ல.
மீனுண்ணா மணல்ல கெடக்கும், செவுளப் பொளந்து பாக்கலாம்.
இதுல நாம நோக்குந்தோறும் வெல ஏறுது,
எதிர்ல நிண்ணு ஏலம் விளிக்கது யாருண்ணே தெரியல்ல."

போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.
எங்களுக்கு முன்னால்
எண்பத்தோராயிரம் பேர் நிற்கிறார்களாம்.
ரேஷன் கடையில் நின்று பழகியவர்கள் நாங்கள்.
முன்னால் நிற்பவரின் முதுகு தெரியாத வரிசை
இதுதான் முதல்முறை.
வட்டம் நின்றபோது
மூலைக்கொடிக்கும் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது.
திங்கட்கிழமை விலைக்கும் வியாழக்கிழமை விலைக்கும்
ஒரு அவுட்போர்டு என்ஜின் வித்தியாசம்.

கணக்கு நான்தான் எழுதினேன்.
முப்பத்தொரு பேர், மாதம் இருநூறு, நான்கு வருடம்.
தடைக்கால மாதங்களில் யாரிடமும் கேட்கவில்லை,
புயலடித்த மாதமும் கழித்தாயிற்று.
இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்து எண்ணூறு.
ஒரே ஒரு ஆளை அனுப்ப.
குடத்தில் போட்ட சீட்டுகளில் என் பேரும் கிடந்தது,
செலின்ராணி, வார்டு நான்கு.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
ததேயு மட்டும் இருமினான்.

வந்தது கிளீட்டஸ் பேர்.

நீரோடிக் கரையிலிருந்து
ஏற்கெனவே உலகக் கோப்பைக்குப் போன ஒரே ஆள்.
அரபு நாட்டில், மஞ்சள் சட்டை, கழுத்தில் அட்டை,
புல்லிலிருந்து பத்தடி,
புல்லுக்கு முதுகு காட்டி.
தொண்ணூறு நிமிடமும் கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்,
திரும்பினால் அரைநாள் சம்பளம் போகும்.
"கோல எல்லாம் மொகத்திலதான் கண்டேன் செலின்.
மொதல்ல வாய் தொறக்கும், பொறவுதான் சத்தம் வரும்."
கீழ்வரிசை மெத்தை நாற்காலிகள்
பாதி ஆட்டம் காலியாகக் கிடக்குமாம்.
அந்த டிக்கெட்டுக்காரர்கள் உள்ளே குளிரறையில்
தின்றுகொண்டிருப்பார்கள்.
மேலே, எந்த ஊரிலோ வீட்டை அடகு வைத்து வந்தவர்கள்
மேளம் கொட்டுவார்கள்.
அவர்களை உட்காரச் சொல்வதுதான் இவனுடைய வேலை.
இதைச் சொல்லும்போது மட்டும் கிளீட்டஸ்
வலை ஊசியைக் கீழே வைத்துவிடுவான்.

இந்த முறை பந்தைப் பார்த்து உட்காரணும் என்றான்.
சென்னையில் கண்ணாடிக்கு அப்புறமிருந்த பெண்
"திரும்பி வருவீர்களா" என்று கேட்டாளாம்.
நாற்பது நாள் ஆழ்கடலில் கிடந்து
ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிறவனிடம்.
அதற்கு என்ன காகிதம் காட்டுவது?
பாஸ்போர்ட்டை அப்படியே நீட்டிவிட்டாள்.
ரயிலில் வந்தான், இரவு முழுக்க நின்றபடி.

ஆட்டம் அதிகாலை மூன்றரைக்கு.
பொழியூர் பக்கம் மஞ்சள் கொடி,
எங்கள் பக்கம் நீலமும் வெள்ளையும்,
நடுவே எல்லைக்கல்லில் காக்கை எச்சம்.
பாதியில் தமிழ்நாட்டுக் கரண்ட் போயிற்று.
திட்டிக்கொண்டே கேரளத்திலிருந்து வயர் இழுத்தோம்,
அவர்களும் திட்டிக்கொண்டேதான் தந்தார்கள்.

வள்ளத்தில் கட்டிய திரையில் அந்த மைதானம்.
அந்த மூலை.
நம்ம நாற்காலி காலியாத்தான் கெடக்கு என்று
ததேயு சத்தியம் செய்தான்.
ஈ அளவுக்குக்கூடத் தெரியவில்லை,
இருந்தாலும் எல்லோரும் நம்பினோம்.

கிளீட்டஸ் கடைசியில் வந்தான்.
வந்தவன் நேரே திரைக்குப் பக்கத்தில் போய்
எங்களைப் பார்த்து நின்றுகொண்டான்,
கைகளைப் பின்னால் கட்டி.
"லேய், திரும்புலேய்" என்றேன்.
கேட்டதாகத் தெரியவில்லை.
கோல் விழுந்தது.
எங்கள் வாய்கள் திறப்பதைப் பார்த்து
அவன் கை மேலே போனது,
எங்கள் சத்தத்துக்கு ஒரு நொடி முன்னால்.

பணம் என் பேரில்
பொழியூர் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது.
நல்ல திரையாக வாங்கலாம் என்கிறார்கள் சிலர்,
பிரித்துக் கொடு என்கிறாள் ததேயுவின் மனைவி.
ஞாயிறு பூசை முடிந்து கூட்டம்.
இன்று காலையும் போனை எடுத்துப் பார்த்தேன்,
சும்மாதான்.
ஏறியிருந்தது.