பதினொரு நிமிடம்

பிப்ரவரிச் செவ்வாய். தீயணைப்பு நிலையத்தின் பின்னறை.
வண்டி கழுவிய நீர் வாசலில் உறைந்து கிடந்தது.
மடக்கு நாற்காலிகள். ஆறிப்போன காப்பி.
சோளம் விதைப்பவர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்,
முடி திருத்தும் டார்லா, நான்.
ஹார்லன் கிரீக்கில் ஆம்புலன்ஸ் என்றால் நாங்கள்தான்.
நெப்ராஸ்காவின் இந்தப் பக்கம்
உயிர் காப்பதற்குச் சம்பளம் கிடையாது.

ஒமாஹாவிலிருந்து வந்திருந்தாள் செவிலி இமெல்டா ப்ரூகர்.
சங்கிலிப் படம் எதுவும் காட்டவில்லை.
"உங்கள் முன் வருவது வெறும் சுளுக்காக இருக்கும்.
ஒருவரைக் கேட்பீர்கள், இன்னொருவர் பதில் சொல்வார்.
காயத்தின் வயதும் கதையின் வயதும் ஒத்துவராது.
அப்போதும் கதவை உடைக்காதீர்கள்" என்றாள்.
"உடைத்தவர் வீட்டுக்குப் போய்விடுவார்.
அடி வாங்குபவர் அங்கேயே இருப்பார்."

நான் குறிப்பெடுக்கவில்லை.
முப்பதாம் நெடுஞ்சாலை விடுதியில்
பதினான்காம் எண் அறையில் நின்றுகொண்டிருந்தேன்,
மூன்று வருடம் பின்னால்.
மணிக்கட்டு முறிந்த பெண்.
குளியலறையில் வழுக்கிவிட்டாள் என்றான் அவன்.
எவ்வளவு விவரமாகப் பேசுகிறான் என்று
அவனுக்கு நன்றி சொன்னேன்.
அவனுக்கு.

ஏப்ரல். விடிகாலை மூன்றே கால்.
இறைச்சி ஆலையின் பின்வாசல்.
இரவில் ரத்தம் கழுவும் கூட்டத்தில் ஒருவன்,
முழங்காலுக்குக் கீழே ரசாயனம் தின்ற தோல்.
ரப்பர் காலணிக்குள் இன்னும் நுரைத்தது.
அட்டையில் ராபர்ட் எஸ்பினோ, வயது இருபத்திரண்டு.
முகத்தில் சவரக்கத்தி பட்ட அடையாளமே இல்லை.
வலி எவ்வளவு என்று கேட்டேன்.
"கொஞ்சம்தான்" என்றான்
தன்னை மாமா என்று சொல்லிக்கொண்டவன்.

"உறவினர் தனி வண்டியில்தான் வரவேண்டும்.
காப்பீட்டு விதி."
அப்படி ஒரு விதி இல்லை.
பொய் எனக்கு இவ்வளவு சரளமாக வருமென்று
அதுவரை தெரியாது.

கதவைச் சாத்தினேன்.
மருத்துவமனைக்குப் பதினொரு நிமிடம்.
மாமா நுழைய முடியாத ஒரே அறை
எண்பது மைல் வேகத்தில் ஓடியது.

தொலைபேசியில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர்.
எல்லாக் கேள்விக்கும் ஒரே அளவு தலையசைத்தான்.
"இது இவர் வீட்டு மொழி இல்லை" என்றது குரல்.
நான்கு நிமிடம் காத்திருப்பு இசை.
காலில் நீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.
பிறகு எங்கிருந்தோ ஒரு பெண்
கிச்சே மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னாள்.
அவன் தொலைபேசியை
ஓர் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

மிச்சம் மூன்று நிமிடம்.
உன் காகிதங்கள் யாரிடம்?
நீ தூங்கும் அறைச் சாவி யாரிடம்?
பதிலுக்கு அவன் மணி கேட்டான்.
எட்டு மணிக்குப் பள்ளிக்கூடமாம்.

அவசரப் பிரிவு வாசலில் ஓபல் ஸ்டால்,
பிப்ரவரியில் என் பக்கத்து நாற்காலிக்காரி.
என் முகத்தைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள்.
"இரண்டு நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்றணும்.
நோயாளி மட்டும் உள்ளே. கிருமி."
கிருமி என்றதும் மாமா ஓரடி பின்வாங்கினான்.
அன்றே மேலிடத்துக்கும் சொன்னோம்.
அட்டையில் இருபத்திரண்டு என்று இருக்கிறதே என்றார்கள்.

வியாழன் வந்தான். பேசவில்லை.
சனி வரவில்லை.
வேலை முடிந்தும் இரண்டு மணி நேரம்
கட்டுத்துணியை மடியில் வைத்திருந்தாள் ஓபல்.

திங்கள் சாயங்காலம் நடந்தே வந்தான்,
நாலு மைல், அந்தக் காலை வைத்துக்கொண்டு.
தோளில் பள்ளிப் பை.
உள்ளே ஒரு சட்டை, ஒரு பல்துலக்கி,
கணக்குப் புத்தகம்.

மறுபடி அந்தக் கிச்சே குரலைத் தேடிப் பிடித்தோம்.
ஓபல் படிவத்தைப் பிரித்தாள்.
பெயர் என்ற கட்டத்தில் விரல் வைத்து
இது நான் இல்லை என்றான்.
பேனா கேட்டான்.

நான் வெளியே வந்து
கழுவத் தேவையில்லாத வண்டியைக் கழுவினேன்.
அங்கிருந்து பார்த்தால்
முப்பதாம் நெடுஞ்சாலை தெரியும்.