ட்ரம்பெட் மேசை

சனி இரவு ஏழரை.
கொள்ளுப்பிட்டியில் கடலைப் பார்த்த ஹொட்டேல், நாலாம் மாடி.
பாட்டோடு சாப்பாடு என்று விளம்பரம்.
அலுவலகச் சீட்டிழுப்பில் விழுந்த ரிக்கட் இரண்டு,
இல்லாவிட்டால்
தலைக்குப் பதினாலாயிரம் கட்டிச்
சோறு தின்கிற ஆளில்லை சத்தியரூபன்.

வாசலில் ஒரு பெண் எங்கள் மணிக்கட்டுகளில்
தங்க நிறக் கடதாசிப் பட்டி ஒட்டினாள்.
“வார்டில அனுமதிச்ச மாதிரி” என்றார்.
முழங்கையால் இடித்தேன்.
பதினொரு வருடம் இடித்து இடித்து
அந்த விலாவில் எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது.

மேசைகளுக்கு இலக்கமில்லை, வாத்தியப் பெயர்கள்.
வயலினில் ஒரு பிறந்தநாள்.
பியானோவில் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம்,
குழந்தை கதிரைக்குக் கீழே நித்திரை.
எங்களுடையது ட்ரம்பெட்,
சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில்.
சாப்பாட்டுப் பட்டியலைப் பழைய இசைத்தட்டில்
வெள்ளைப் பேனையால் எழுதியிருந்தார்கள்.
ஆருடையவோ கல்யாணத்தில் சுற்றிய தட்டாக இருக்கலாம்.
இப்போது அதில் நண்டு, கணவாய், கோழி.

பாண்டில் ஐந்து பேர்.
கிற்றார்காரருக்குத் தொப்பை, வெள்ளைச் சப்பாத்து.
பாட்டுக்காரி சூப் முடியும்வரை ஆங்கிலத்தில் காதலித்தாள்,
நண்டு வந்ததும் ஹிந்தியில் அழுதாள்.
தமிழில் ஒன்று பாடினாள்,
ழகரமெல்லாம் லகரமாய்;
இருந்தாலும் நாங்கள் இரண்டு பேரும்
நண்டுக் காலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டோம்.

பிறகு போட்டி.
இசையை மட்டும் அடிப்பார்கள், வரியைப் பாட வேண்டும்.
முதல் நாலுக்கும் வயலின் மேசை எழும்பியது.
ஐந்தாவது பைலா.
கிற்றார் தொடங்கி இரண்டு நொடி இராது,
மேசைக்கடியில் இவருடைய சப்பாத்து
என் செருப்பை மிதித்தது. தாளத்தில்.

எழும்பினார்.
குழம்புக் கறை பட்ட நப்கினைக் கையில் பிடித்தபடியே,
முழுச் சிங்களத்தில்,
ஒரு சொல் பிசகாமல்,
பாண்ட் தேடித் தேடிப் பின்னால் ஓட,
ஒருவருக்கும் தெரியாத மூன்றாம் சரணம் வரை.
வீட்டில் தொலைபேசி மணியைக்கூடச்
சத்தம் குறைத்து வைக்கிற மனிதர்.

வயலின் தட்டியது. பியானோ தட்டியது.
சமையலறைக் கதவைத் திறந்து
இரண்டு வெள்ளைத் தொப்பிகள் தட்டின.
நான் தட்ட மறந்து
வாயில் கணவாயோடு இருந்தேன்.

“எங்க பழகினது?”
வட்டிலப்பம் வந்த பிறகுதான் சொன்னார்,
கரண்டியைப் பார்த்துக்கொண்டு.
“வெள்ளவத்தையில, லொட்ஜில. நாலு பேர், ஒரு அறை.
இரவில ஜீப் சத்தம் கேட்டா றேடியோவைக் கூட்டுவம்,
நாங்களும் சேர்ந்து கத்துவம்.
பைலா பாடுற அறையை ஆர் வந்து தட்டப்போகினம் எண்டு
சுதர்சனன்ர கணக்கு.”
“தட்டேல்லையோ?”
“தட்டினவை. ரெண்டு தரம்.”
கோப்பையில் மிஞ்சிய பாணியை வழித்தார்.
“ஆனா பாட்டு, நல்ல பாட்டு.”

சுதர்சனன் என்ற பெயரை
அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன்.
மேலே கேட்பதற்குள் பாண்ட் தொடங்கிவிட்டது.
தொடங்காவிட்டாலும் கேட்டிருப்பேனோ, தெரியாது.

பரிசு: இன்னோர் இரவுக்கு ரிக்கட்.
ஒருவருக்கு மட்டும்.
ஓட்டோவில் மரின் டிரைவ் முழுக்க
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கடல் இருட்டாகக் கிடந்தது.
கடைசிக் கோச்சி, ஆளில்லாத வெளிச்சப் பெட்டிகளோடு
எங்களை முந்திக்கொண்டு போனது.
“மற்றதுக்குக் காசு கட்டலாம்” என்றார்.
இவர். பதினாலாயிரம்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போனார்.
தண்ணீர்ச் சத்தத்துக்குள் அந்தப் பைலா,
மெல்ல, மூன்றாம் சரணம்.
துவாய் வெளியே கொடியில் கிடந்தது.
எடுத்துக்கொண்டு போய்க்
கதவைத் தட்டக் கை தூக்கினேன்,
தங்கப் பட்டி இன்னும் கழற்றாத கை.

பாட்டு முடியட்டும் என்று
துவாயை மடியில் வைத்துக்கொண்டு
கட்டிலின் ஓரத்தில் இருந்தேன்.