வெட்டுக்கோடு

ஏகாம்பரம் வீதி, செபமாலையின் அச்சகம்.
மின்விசிறி தட்டித் தட்டிச் சுற்றுகிறது.
ஓய்வுபெற்ற கொமடோரின் படத்தை
சுவரொட்டி அளவுக்கு நான் வெட்டியபோது
நாலு பதக்கம் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

லலந்த, அவருடைய தேர்தல் ஆள்,
கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டான்.
"முகம் கொஞ்சம் குறைஞ்சால் பரவாயில்லை, மிஸ்.
பதக்கம் பதினொன்றும் வரவேணும்.
மினுங்கவும் வேணும்."

மினுக்கினேன்.
நானூறு வீதம் பெருப்பித்தால்
பதக்கம் என்பது மஞ்சள் சதுரங்கள்.
ஒன்றில் மட்டும்
படமெடுத்தவனின் நிழல், குனிந்தபடி,
கடுகளவு.

எது எதற்கு என்று கேட்டேன்.
ஐந்தாவது வரைக்கும் சொன்னான்.
ஆறாவதில் தயங்கினான்.
"அது… கிழக்குக்காக."

கிழக்கு என்றால், லலந்த, இந்த வீதி.
அடையாள அட்டையைக் காவலரணில் கொடுத்துவிட்டு
கடலுக்கு இறங்கிய என் அப்பா.
அவர் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தார்.
அட்டை ஒருநாள் வரவில்லை.
அதன்பின் பதினொரு மாதம்
அவர் சந்தி வரைக்குமே போகவில்லை.
ஆறாவது நாடாவில் எந்த நூல் அது?
கேட்கவில்லை.
நீலத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.

பின்னேரம் குலவீரசிங்கம் வந்தார்.
வேறு கட்சி, வேறு நிறம்.
பெயரைவிடப் பெரிய எழுத்தில்
'ஏழு ஆண்டு சிறை' என்று வரவேண்டுமாம்.
காற்சட்டையைச் சுருட்டி
முழங்காலுக்குக் கீழே தழும்பைக் காட்டினார்.
"இதையும் போடலாமோ, பிள்ளை?"
செபமாலை தலை நிமிராமல் சொன்னார்:
"படம் கூடினால் காசு கூடும்."

தழும்பு பொய்யில்லை.
பதக்கமும் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன்.
வெடிச்சத்தத்துக்குள் நின்ற ஒருவர்
வரவுசெலவுத் திட்டத்தின் நாற்பதாம் பக்கத்தைக்
கொட்டாவி விடாமல் வாசிப்பாரா?
அதை நெஞ்சில் குத்திக்கொண்டு
ஒருவரும் இந்தப் படியேறி வரவில்லை.

தையல் கடைக்கு அட்டை அடிக்க வந்த
கிண்ணியா ஸித்தி பரீதா
கணினித் திரையில் இரண்டு பேரையும் பார்த்தார்.
"சுனாமியண்டு இந்த உடுப்புப் போட்ட பொடியன் ஒத்தன்தான்
என்ட மகளத் தண்ணிக்குள்ள இருந்து இழுத்தெடுத்த.
பேரும் தெரியா.
அவன் கேட்டா கண்ண மூடிக்கிட்டுப் போடுவன்."
நோட்டுகளை எண்ணினார். இரண்டாம் தரமும் எண்ணினார்.
"இல்ல. கண்ண மூட மாட்டன்.
ஆஸ்பத்திரி ஸ்கேன் மெசின எப்ப திருத்துவா எண்டு
அவனுக்கிட்டயும் கேட்டுத்தான் போடுவன்."
அட்டையில் 'பரீதா'வுக்கு நான் கால் போட மறந்திருந்தேன்.
அதையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

வாக்குச்சீட்டில் நெஞ்சு இல்லை.
சின்னங்கள், கீழே இலக்கங்கள்,
நூலில் கட்டிய பேனை.
எனக்கு மூன்று விருப்பு.
இரண்டை உடனே போட்டேன்.
மூன்றாவதுக்கு எவ்வளவு நேரம் நின்றேனோ,
பின்னால் யாரோ இருமினார்கள்.

வெளியே, கிழிக்க மறந்த மதிலில்
ஊர் மான்களில் ஒன்று, கொம்பு முளைக்காதது,
கொமடோரைத் தோள்மட்டும் தின்றுவிட்டு
குலவீரசிங்கத்தின் ஏழாண்டைத் தொடங்கியிருந்தது.
நான் கிட்டப் போனேன். அது விலகவில்லை.
கோதுமைமாப் பசை
நேற்றிரவு பூசியதாக இருக்கவேண்டும்,
இன்னும் ஈரம்.