சிப்பி லோடு

புதுச்சத்திரம் தாண்டித் தீவன மில்லின் எடைமேடையில்
தூத்துக்குடி லாரி ஏறி நிற்கும்போது
கடல் எனக்கு முதலில் வாடையாகத்தான் வரும்.
தார்ப்பாய் அவிழ்ந்ததும்
மக்காச்சோளத் தூசிக்கு மேலே ஏறி
ஆய்வக ஜன்னலை வந்து தொடும்.
கடலை நான் பார்த்தது இரண்டே தடவை.
பள்ளிச் சுற்றுலாவில், காய்ச்சலோடு.
கல்யாணமான புதிதில் திருச்செந்தூரில்,
கூட்டத்துக்கு நடுவே
முழங்கால் அளவுக்குக் கொஞ்சம் கடல்.

என் வேலை சின்னது.
லோடின் ஐந்து இடத்தில் ஐந்து பிடி அள்ளி
கழுவி, காயவைத்து, பொடித்து
ஒரு சொட்டு ஆசிட்.
பொசுபொசுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு.
சும்மா கிடந்தால் மணல்.
மணல் மிஞ்சினால் விலையில் பிடித்தம்.

கோழிக்குச் சிப்பி எதற்கென்று
நாமக்கல்லில் யாரும் கேட்பதில்லை.
கடலில் ஓர் உயிர் தனக்கெனக் கட்டிய ஓடு
இங்கே இன்னோர் உயிரின் வயிற்றில் ஊறி
ராத்திரியோடு ராத்திரியாக வேறோர் ஓடாகிறது.
விடிந்தால் தட்டுக்கு முப்பது.

சித்திரை லோடில் பாதி தூளாக இருந்தது.
"என்னண்ணே இது?" என்றேன்.
டிரைவர் கஸ்பார் ஒரு சிப்பியை எடுத்து
இரண்டு விரலால் நசுக்கினார்.
அப்பளம் போல ஒரு சத்தம்.
"முன்னெல்லாம் செருப்புக்காலோட மிதிச்சாலும் அசையாதும்மா.
இப்ப குஞ்சே தங்க மாட்டேங்கு.
தண்ணிக்கு என்னமோ ஆயிட்டு."

ஒரு லோடை வைத்துக் கடலுக்கு
ரிப்போர்ட் எழுத முடியாது. தெரியும்.
சலித்த சல்லடை மாறியிருக்கலாம்,
திண்டுக்கல் ரோட்டுப் பள்ளங்கள் பொடித்திருக்கலாம்.
ஆனால் படித்திருக்கிறேன்:
நாம் விடும் புகையில் கால்பங்கைக்
கடல் குடித்துவிடுகிறதாம்.
குடித்தது உள்ளே புளித்து
ஓடு கட்டும் சரக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறதாம்.
கடுகிலும் சின்னக் குஞ்சுச் சிப்பி
பிறந்த இரண்டாம் நாளே
வீடு கட்டிக் கட்டிக் களைத்துப் போகிறதாம்.

அதே வாரம் பரமத்தியிலிருந்து அத்தியப்பன் போன்.
"ஏனுங் மேடம், ஷெட்டுல தோல்முட்டையா வுழுகுதுங்.
தீவனத்துல சிப்பியக் கொறைச்சுப் போட்டீங்ளா?"

குறைக்கவில்லை.
நாற்பத்தொரு டிகிரி.
கூண்டுக்குள் வாய் பிளந்து கோழி இறைக்க இறைக்க
கரிக்காற்று மூச்சோடு வெளியே போய்விடுகிறது,
ஓட்டுக்குச் சரக்கில்லை.
இங்கே அது குறைந்துபோய்.
அங்கே, தண்ணீரில், அதுவே மிஞ்சிப்போய்.
ஒரே கோடை
இரண்டு பக்கமும் ஓட்டைச் சுரண்டுகிறது.

இதையா அவரிடம் சொல்வது?
"தண்ணியில சோடா உப்புக் கலக்குங்க,
மத்தியானத் தீவனத்தை நிறுத்துங்க" என்றேன்.
"செரிங்" என்றார். முட்டை விலை அஞ்சு பைசா எறங்கிருச்சுங் என்றார்.

சனிக்கிழமை கஸ்பார் பாதி குடித்து
மேசையில் விட்டுப்போன சோடா.
கொட்டப் போனவள் நின்றேன்.
உடையாத சிப்பி ஒன்றை எடை போட்டு
பீக்கரில் சோடாவுக்குள் இறக்கி மூடிவைத்தேன்.
சின்னச் சின்னக் குமிழ்கள் அதன் வரிகளில் வந்து ஒட்டின.

திங்கள் காலை
வரி மழுங்கி, வெள்ளையடித்த சுவர்போல்
விரலில் மாவு ஒட்டியது.
ஐம்பது மில்லிகிராம் இல்லை.
கடல் இவ்வளவு சோடா இல்லை, அதுவும் தெரியும்.
இருந்தும் அந்தத் தண்ணீரைத்
தொட்டியில் கொட்டக் கை வரவில்லை.

பதிவேட்டில் இதற்குக் கட்டம் கிடையாது.
ஈரம், மணல், சுண்ணாம்பு, கையெழுத்து.
ஓரத்தில் பென்சிலால்
50 என்று மட்டும் எழுதினேன்.

எடைமேடையில் ஹாரன். வேறு டிரைவர்.
தார்ப்பாய் அவிழ்கிறது,
வாடை ஜன்னலுக்கு வந்துவிட்டது.
ஐந்து பிடி. ஒரு சொட்டு. நுரை.
சுண்ணாம்பு தொண்ணூற்று மூன்று.
ஏற்கப்பட்டது.