ஓரெழுத்து ஒருமொழி

மதியம் ஒன்றரை. நேரு பிளேஸ், நான்காம் மாடி.
மாவடு பாட்டிலை நீட்டி
குல்ஷ்ரேஷ்டா ஜியிடம் சொன்னேன்:
தூ பீ லே லே.

நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான்
மனசுக்குள் இருந்தது.
நாக்குக்கு வருவதற்குள்
ஆப் எங்கேயோ இறங்கிவிட்டது.

ஹர்லீனின் ஸ்பூன் தயிரில் நின்றது.
யாரோ இருமினார்கள்
அது இருமல்தானா தெரியவில்லை.
ஓய்வுக்கு இரண்டு வருடமே இருக்கும் அந்த மனிதர்
ஒரு வடுவை எடுத்தார்
காம்பைக் கிள்ளித் தட்டோரம் வைத்தார்
மார்ச் மாதக் கோப்பு எங்கே என்று யாரையோ கேட்டார்.
அவ்வளவுதான்.
அவ்வளவுதானா?

தூ என்றால் தூய்மை.
ஏழாம் வகுப்பில்
ஓரெழுத்து ஒருமொழிப் பட்டியலில் மனப்பாடம் செய்தது.
தெருவில் அது துப்புகிற சத்தம்.
இந்த ஊரில் கடவுளையும் கைக்குழந்தையையும்
பார்க்கிங்கில் படுத்திருக்கும் நாயையும்
அப்படிக் கூப்பிடலாம்.
குல்ஷ்ரேஷ்டா ஜி
இந்த மூன்றில் எதிலும் சேர்த்தியில்லை.

மெட்ரோக் கண்ணாடியைப் பார்த்து
ஆப் பீ லீஜியே, ஆப் பீ லீஜியே என்று
உதட்டை மட்டும் அசைத்தேன்.
பக்கத்துப் பெண் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொண்டாள்.
முனிர்க்கா போய்விட்டது.
வசந்த் விஹாரில் இறங்கி
எதிர்ப்பக்கம் ஏறி
வீடு வந்து சேர்ந்தபோது
பாட்டில் கசிந்து பையெல்லாம் கடுகு.

ராத்திரி
சார், மதியம் என் ஹிந்தி
என்று ஆரம்பித்து அழித்தேன்.
கவனித்திருக்காவிட்டால்
நானே காட்டிக்கொடுத்ததாகும்.
கவனித்திருந்தால்,
அதை யோசிக்காமல் புரண்டு படுத்தேன்.
ஒன்று நாற்பதுக்குக் கூலரில் தண்ணீர் தீர்ந்து
வெறும் அனல்.
போன வருடம் பிறந்தநாள் வாழ்த்துக்கு
உங்களுக்கும் என்று சொன்னது,
வேலையில் சேர்ந்த அன்று
இழுக்க வேண்டிய கதவைத் தள்ளித் தள்ளி நின்றது,
எல்லாம் வந்து
கட்டில் விளிம்பில் இடம் கேட்டன.

காலையில் லிஃப்டுக்குள் அவர்.
நானும் அவரும்
அவருடைய டிபன் கேரியரும்.

ஆப் கா அச்சார், என்றார்,
பஹுத் அச்சா தா.

ஆப்.

இரண்டு வருடமாக என்னைத்
தும் என்றே அழைத்தவர்.
நீயும் இல்லாத நீங்களும் இல்லாத
நடுவாந்திரமான அந்த நாற்காலியில்
நான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.
எங்கள் வீட்டில் சண்டை முற்றினால்தான்
நீ நீங்களாகும்.
இவர் வீட்டில் எப்படியோ.

நான்காம் மாடி.
மூடப்போன கதவை உள்ளங்கையால் தடுத்துக்கொண்டு
நீங்கள் முதலில் என்பதுபோலத் தலையசைத்தார்.

சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.
மீசை பெரிது அவருக்கு.