ஏக் ஆம்

டெல்லி கன்டோன்மென்ட். ஜனவரி. காலை ஆறரை.
பன்னிரண்டு தடைகளும் நேற்று நட்ட இடத்தில்தான் நிற்கின்றனவா என்று
பனிமூட்டத்துக்குள் கையால் தடவிக்கொண்டே போகிறேன்.

குதிரை தட்டிவிடும் கம்பத்தை
எடுத்துத் திரும்ப வைப்பது என் வேலை.
பெயர் ஏகாம்பரம். ஆற்காடு பக்கம்.
இங்கே எல்லோருக்கும் நான் ஏக் ஆம்,
ஒரு மாம்பழம்.
காஞ்சிபுரத்தில் மாமரத்தடிச் சாமிக்கும் அதுதான் பெயர் என்பதால்
தப்பென்று திருத்தவும் வழியில்லை.

இன்று பதினேழு குதிரைகள்.
ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலிக்காரர்கள் வம்சம் பேசுகிறார்கள்:
அப்பன் ஜெர்மனி, அம்மா ஹிசார் பண்ணை.
நான் பார்ப்பது வயிற்றின் அடிப்பக்கம்.
தடைக்குப் பக்கத்தில் குந்தியிருப்பவனுக்கு மட்டும்
குதிரை அதைக் காட்டும்.

பாதல் முன்னங்காலை முகவாய் வரை மடக்குவான்,
பின்னங்காலை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தவன்போலத் தொங்கவிடுவான்.
ஏழாவதில் தட்டுவான். எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மேஜர் தன்கரின் நவாப்.
விலையைச் சொன்னால் எங்கள் தெருவே எழுந்து நிற்கும்.
காது பின்னால் சாய்ந்துவிட்டால் அவ்வளவுதான்,
அதைச் சாய்க்க ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தால் போதும்.
இன்று மைக்செட்காரன் புதுசு.

ஜிலேபி நல்ல குதிரை.
மிஸ் இனாயத்தான் குதிரைக்கு முன்னால் தாண்டிவிடுகிறார்.

அப்புறம் கோமதி.
ரிசல்தார் பூரா ராம் ஏறுவது. குளம்பில் சுட்ட எண் 412.
வயது பதினான்கு. அடுத்த மாதத்திலிருந்து
அதிகாரிகளின் பிள்ளைகளைச் சுமந்து வட்டமடிக்கப் போகிறவள்.
குளிருக்கு இடது பின்னங்கால் பிடித்துக்கொள்ளும்,
முதல் மூன்று தடைக்கு எண்ணெய் போடாத கதவு.
ஆனால் மற்றதெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுத் தாண்டும்,
இவள் ஒருத்திதான் கம்பத்தைப் பார்த்துத் தாண்டுகிறாள்.

சமையற்கட்டு பிஷன் துத் நவாப் மேல் வைத்தான்.
நான் கோமதி மேல்.
பந்தயம்: இந்த மாத ரம் முழுக்க.

கம்பம் உட்காரும் இரும்புக் கிண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை.
விளிம்பில் வைத்தால் மூச்சுக்காற்றுக்கே விழும்.
அடியில் அழுத்தி வைத்தால்
குளம்பு இடித்தாலும் கொஞ்சம் கூத்தாடிவிட்டு நிற்கும்.
நடுவர் எழுதுவதென்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்:
கம்பம் வைக்கப்பட்டது.

பாதல் ஏழாவதில் தட்டினான்.
ஒலிபெருக்கி கரகரத்தது. நவாப் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டான்,
மேஜர் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னார்.
அது கெட்ட வார்த்தை என்று நினைக்கிறேன்.
ஜிலேபி விஷயத்தில் நான் சொன்னது தப்பு.
மிஸ் இனாயத் இன்று பொறுத்திருந்தார்.
பன்னிரண்டும் சுத்தம்.

கோமதிக்கு முன்னால் ஓடிய செம்பட்டைக் குதிரை
ஒன்பதாவதை உருட்டிவிட்டுப் போனது.
ஓடினேன். தூக்கினேன். விரல் மரத்திருந்தது.
வைத்தேன்.
மணி அடித்துவிட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று, கதவுச் சத்தம்.
நான்கிலிருந்து தண்ணீர்.
ஒன்பதில் அவள் மேலே போகும்போதே தெரிந்துவிட்டது
அந்த இடது கால் வரவில்லை என்று.
டொக்.
கம்பம் எழும்பியது, பாதி உருண்டது,
யோசித்தது,
உட்கார்ந்துகொண்டது.

கைதட்டல் டெல்லிக் குளிரையே உலுக்கியது.
பூரா ராம் அவள் கழுத்தில் தட்டிக்கொடுத்தார்.
நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

மறுசுற்றில் ஜிலேபி அரை நொடியில் ஜெயித்தது.
ரம் யாருக்கும் இல்லை,
ஆளுக்குப் பாதி குடிப்போம் என்றான் பிஷன் துத்,
அவன் கணக்கு எப்போதும் அப்படித்தான்.

வண்டிகள் கிளம்பியபின் ஒன்பதாவது தடைக்குப் போனேன்.
கம்பத்தை எடுத்து,
காலையில் வைத்ததுபோலவே வைத்து,
முழங்கையால் இடித்தேன்.
விழுந்தது.
இன்னொரு முறை வைத்தேன்.
விழவில்லை.